தபஸ்ஸும் பிடித்த அரை டெசிபெல்

பதினோரு வருஷமாக எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு. அதைச் சொல்லாமல் தபஸ்ஸும் பற்றி எழுத வராது. அதனால் முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

என் பெயர் அப்பாதுரை. சேலையூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது, அதுவும் முழுசாக இல்லை. நம் சபா சின்ன சபா. மாசத்துக்கு ஒரு கச்சேரி, வருஷக் கடைசியில் பத்து நாள் விழா. பத்தொன்பது வருஷமாக அதற்கு மைக் போடுவதும், கச்சேரியைப் பதிவு பண்ணிக் கொடுப்பதும் நான்தான். செயலாளர் அனந்தகிருஷ்ணன் சார் பேங்க்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு ஹாலில் இருக்கிற ஸ்பீக்கர் என் வீட்டு ஃப்ரிட்ஜைவிட உயரம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்பீக்கரில் ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று கூப்பிட்டார். போய்ச் சரி பண்ணினேன். அப்போது அவர் வீட்டில் விருந்தாளிகள் நாலு பேர். சார் ஒரே பாட்டை ரெண்டு ஒயரில் மாற்றி மாற்றிப் போட்டு, "எது நல்லாருக்கு, சொல்லு" என்றார். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்றேன். எனக்கு அப்படித்தான் கேட்டது. அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "இவனைச் சொல்லிக் குத்தமில்லை. இதைக் கேக்கறதுக்குக் காதுன்னு ஒண்ணு வேணும்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். மாமி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன். அவர் சொன்னதைவிட, அந்தக் காப்பியை நான் குடித்ததுதான் எனக்கு இன்றுவரை எரிகிறது.

இந்த வருஷ மலரில் 'நம் ஊரில் ஒருவர்' பக்கத்துக்கு யாரையாவது பற்றி எழுதித் தரச் சொன்னதும் அதே அனந்தகிருஷ்ணன் சார்தான். யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுது, எழுதி என் கையில் கொடு என்றார். எழுதுகிறேன்.

தபஸ்ஸும் வயசில் என் தங்கச்சியைவிடச் சின்னவள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் ரோடு பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் கிளினிக்கில் காது டெஸ்ட் எடுக்கிற வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சின்ன கண்ணாடி ரூமில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். பீப் சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எவ்வளவு சன்னமான சத்தம் வரைக்கும் கேட்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். சத்தத்தைப் பத்து டெசிபெல் இறக்கு, கேட்கவில்லையா அஞ்சு ஏற்று, மறுபடி பத்து இறக்கு. இதுதான் அவள் நாள் முழுக்கச் செய்வது.

சார் அப்படிச் சொல்லி நாலு வருஷம் கழித்து நான் அங்கே போனேன். ஜெனரேட்டர் பக்கத்திலும் ஸ்பீக்கர் பக்கத்திலும் நின்றே வயசானவன். நிஜமாகவே எனக்குக் காது போய்விட்டதோ என்று ஒரு பயம். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் பயம் போய் வீராப்பு வந்துவிட்டது. எல்லாப் பீப்பையும் பிடித்துவிடுவது என்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் தாளைக் காட்டினாள். "மேல் ஸ்தாயி சத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கு அண்ணா. உங்க தொழிலுக்கு இது கம்மிதான். பயப்பட வேணாம்."

"அப்போ பாஸா?"

"இது பரீட்சை இல்ல. ஆனா மூணு தடவ நீங்க அமுக்குனப்போ நான் ஒண்ணுமே போடல."

"இன்னாமா சொல்ற? கேட்டுச்சே."

"கேக்கல. கேக்கணும்னு நெனச்சீங்க. அதுக்குத்தான் நடு நடுவுல சும்மா வைக்கிறது."

சும்மா. அவள் அந்த வார்த்தையை ஒரு சாமான் பேர் மாதிரி சொல்வாள். பீப் வைப்பது மாதிரி சும்மாவும் வைப்பாள். தாளின் ஓரத்தில் 'சு' என்று போட்டு, அமுக்கினார்களா இல்லையா என்று குறித்திருப்பாள். சும்மாவுக்கு அமுக்குகிறவர்கள் தாளை அவள் நம்ப மாட்டாள். திரும்ப உட்காரவைப்பாள். ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர் லைசென்ஸ் சர்டிபிகேட்டுக்காக வந்து சும்மாவுக்கெல்லாம் அமுக்கியிருக்கிறார். இவள் தாளைக் கொடுக்க மறுத்துவிட்டாள். அந்த ஆள் கத்தினார், கெஞ்சினார், பெரிய ஆளிடமிருந்து போன் வரவைத்தார். இவள், "நாளைக்கு வாங்க, ஃப்ரெஷ்ஷா பாப்போம்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். நாலாம் நாள் அவர் ஒழுங்காக உட்கார்ந்தார். ஒரு காது நன்றாகவே போயிருந்தது. இப்போது காது மெஷின் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்.

இந்தச் சும்மாவை அவள் எங்கே பிடித்தாள் என்றால், அவள் அப்பாவிடம். அவர் பெயர் பாட்சா. நாகல்கேணியில் தோல் பதனிடுகிற ஷெட்டில் இருபத்தாறு வருஷம். மரத்தில் பெரிய பெரிய உருளை, பகல் பூரா தடதடவென்று சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றுதான் பேசுவார்கள். தபஸ்ஸும் இன்றைக்கும் யாரிடம் பேசினாலும் முன்னால் வந்து நின்று, உதடு தெரிகிற மாதிரிதான் பேசுவாள். பன்னிரண்டாவது முடித்து இந்தக் காது டெஸ்ட் டிப்ளமோ படித்தாள். பழகுவதற்கு முதல் முதலாக அப்பாவைத்தான் உட்காரவைத்தாள்.

"அத்தனையும் அமுக்கினாரு அண்ணா. எனக்கு ஒரே சந்தோஷம், அத்தாவுக்குக் காது நல்லாத்தான் இருக்குன்னு. அப்புறம் எங்க கிளாஸ் மேடம் வந்து பாத்துட்டு, நீ பீப் போட பட்டன் அமுக்கறப்போ உன் தோள் ஆடுதும்மா, அதப் பாத்து அமுக்குறாருன்னாங்க. நாற்காலிய திருப்பிப் போட்டேன். அப்பவும் அமுக்கினாரு. நான் ஒண்ணும் போடாம கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். அதுக்கும் அமுக்கினாரு."

"ஏனாம்?"

"மக பாஸாகணும்னு. அவர் தப்புப் பண்ணா எனக்கு மார்க் போயிடும்னு நெனச்சிருக்காரு."

அன்றிலிருந்து அவள் யாரையும் முன்னால் உட்காரவைத்து டெஸ்ட் எடுத்ததில்லை. நாற்காலி எப்போதும் சுவரைப் பார்த்துத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் விழாவுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது அனந்தகிருஷ்ணன் சார் கமிட்டியில் எழுந்து, என் பதிவுகளில் 'ஜிட்டர்' இருக்கிறது என்றார். முந்தின வருஷப் பதிவைக் கேட்டால் தம்புரா மங்கலாக இருக்கிறதாம். என் பதிவுப் பெட்டி பழசு, அதில் கடிகாரம் சரியில்லை, புதுப் பெட்டி வைத்திருக்கிற வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்.

ஜிட்டர் என்றால் இதுதான். டிஜிட்டலில் பாட்டு என்பது ஒரு நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் தன் தன் நேரத்துக்கு வர வேண்டும். தாம்பரம் பீச் லோக்கல் ரயில் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியும் வந்துவிடுகிறது, ஆனால் ஒன்று கொஞ்சம் முன்னே, ஒன்று கொஞ்சம் பின்னே. அந்த முன்னே பின்னேதான் ஜிட்டர். என் பெட்டியிலும் அது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு? ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டுகூட வராது. பெட்டியோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறான். அது மனுஷன் காதுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

தெரியும் என்றால் என் சபா வேலை போச்சு. சபா வேலையில் காசு ஒன்றும் கொட்டவில்லை. ஆனால் தாம்பரத்தில் சபாக்காரர் விட்டுவிட்டார், அவன் பெட்டி சரியில்லையாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் பத்து மண்டபம் பின்னாலேயே விட்டுவிடும். ரெண்டு பேர் என்னை நம்பி வேலை செய்கிறார்கள். தூக்கம் போய்விட்டது எனக்கு.

காது மெஷின் பேட்டரி வாங்க என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போனபோது தபஸ்ஸுமிடம் இதைப் புலம்பினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சார் எது எந்தப் பெட்டின்னு தெரிஞ்சு கேட்டாரா, தெரியாம கேட்டாரா?"

"தெரிஞ்சுதான்."

"அப்போ இன்னும் யாருமே கேக்கல அண்ணா. நான் வந்து எடுக்கறேன்."

அவள் புருஷன் முதாசிர் ஏசி மெக்கானிக். நல்ல மனுஷன். "இதுல நமக்கு இன்னா, ஞாயித்துக்கிழம ஒரு நாளுதான் வூட்ல இருக்கே" என்று சொல்லிப் பார்த்தாராம். "ஒரு ஆளோட வேல போகப் போகுது, ஒருத்தரும் கண்ண மூடிக் கேட்டுப் பாக்கல" என்றிருக்கிறாள். அத்தோடு அவர் விட்டுவிட்டார். அவள் சொல்லிவிட்டாள் என்றால் சொன்னதுதான்.

காம்ப் ரோடு மண்டபத்து மாடியில் வைத்தோம். என் பெட்டி ஒன்று, அனந்தகிருஷ்ணன் சார் யாரிடமோ கேட்டு வாங்கி வந்த உயர்ந்த பெட்டி ஒன்று. ஒரே பதிவு ரெண்டிலும் ஓடும். நடுவில் நான் செய்துகொடுத்த ஒரு ஸ்விட்ச். சார் ஹெட்போனோடு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மேடைப் படுதாவுக்குப் பின்னால் தபஸ்ஸும். முதலில் 'ஏ' பெட்டி, அடுத்து 'பி' பெட்டி, மூன்றாவதாக ரெண்டில் ஒன்று. மூன்றாவது எது என்று சார் சொல்ல வேண்டும். இருபது தடவை. சொல்வதை மேடவாக்கத்திலிருந்து வருகிற நம் மெம்பர் மிருதுளா எழுதிக்கொள்வார். அவருக்கும் விடை தெரியாது.

எந்தத் தடவை எதைப் போடுவது என்பதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பஸ்ஸில் லேடீஸுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டை அவள் தூக்கிப் போடுவதில்லை. பர்ஸில் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி நம்பர் ஒற்றை என்றால் 'ஏ', இரட்டை என்றால் 'பி' என்று எழுதிக்கொண்டாள். "நம்ம மனசுல போட்டா ஒரு தாளம் வந்துடும் அண்ணா. கண்டக்டர் குடுக்கறதுல தாளம் கிடையாது" என்றாள்.

ஒயர் இழுப்பது, வால்யூம் வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அங்கேதான் ஒன்று நடந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இருபதில் பதினெட்டு.

சார் சொன்னது பதினெட்டு சரி. யோசிக்கக்கூட இல்லை. மூன்றாவது ஆரம்பித்த ரெண்டு நொடியில், "ஏ", "பி", "பி" என்று தட்டிவிட்டார். கமிட்டியில் கை தட்டினார்கள். மிருதுளா தாளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி எண்ணினார். சார் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, சத்தம் போடாமல்தான் சொன்னார், "நான் சொன்னேனேப்பா." அந்தப் புதுப் பெட்டி ஆளுக்கு லெட்டர் போட்டுவிடலாம் என்று அங்கேயே பேச்சு.

தபஸ்ஸும் மட்டும் தாளில் கையெழுத்துப் போடவில்லை. "ஒரு வாரம் குடுங்க" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மீட்டர் வச்சிருக்கீங்களாண்ணா?"

"எதுக்குமா?"

"அவ்ளோ வேகமா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. சன்னமான விஷயம்னா தயங்குவாங்க, தலைய சாய்ப்பாங்க. இவரு தயங்கவே இல்ல. ஒயர சுத்தாதீங்க. ரெண்டு பெட்டியிலயும் ஒரே பீப் போட்டு அளந்து காட்டுங்க."

மீட்டரை எடுத்தேன். அந்த உயர்ந்த பெட்டியில் வைத்தேன்.

"எவ்ளோ?"

"ஒரு வோல்ட்டு."

"உங்களுது?"

முள் வைத்த பழைய மீட்டராக இருந்தால் கண் சரியில்லை என்று சமாளித்திருப்பேன். இது நம்பர் காட்டுகிற மீட்டர். "ஒண்ணு பாயிண்ட் ஜீரோ ஆறு."

அவள் மனக்கணக்குப் போட்டாள். "அரை டெசிபெல். தானா வந்துச்சா?"

மீட்டர் ஒயரைச் சுற்றினேன். அவள் எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். அவள் அப்பாவிடம் நிற்கிற மாதிரி.

"தானா வந்துச்சாண்ணா?"

"நான்தாம்மா ஏத்துனேன்."

எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ரெண்டு செட்டை வைத்து எது நல்லது என்று பார்ட்டி கேட்டால், நம்முடையதை ஒரு மயிரிழை ஏற்றி வைத்துவிட வேண்டும். சத்தம் கூடியது என்று யாருக்கும் தெரியாது. 'இது நிறைவா இருக்கு, இதுல உயிர் இருக்கு' என்பார்கள். நான் இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். அன்றைக்கும் கை தானாகவே வால்யூம் குமிழுக்குப் போய்விட்டது. இல்லை, தானாக இல்லை. தெரிந்துதான் போனது. சார் என் பெட்டியை நல்லது என்று தன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஏற்றினேன்.

தபஸ்ஸும் கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள்.

"எது நல்லாருக்குன்னா கேட்டேன் நான்? எது எதுன்னுதானேண்ணா கேட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா அவரால சொல்ல முடியாது, நீங்க ஜெயிப்பீங்க. நீங்களே அவருக்கு பிட்டு எழுதிக் குடுத்துட்டீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் கவிழ்த்தது ஜிட்டரும் இல்லை, சார் காதும் இல்லை, என் கைதான்.

"இப்போ இன்னாமா பண்றது?"

"மறுபடி எடுக்கறது."

"ஒத்துப்பாரா? பதினெட்டு வாங்கிட்டாரே."

அவள் அங்கேயே போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், எனக்கும் கேட்கட்டும் என்று.

"சார், தபஸ்ஸும் பேசறேன். ரெண்டு பெட்டியோட சத்தம் சமமா இல்ல சார். நான் அளக்காம ஆரம்பிச்சுட்டேன். என் தப்பு. அடுத்த ஞாயிறு மறுபடி எடுக்கணும்."

"ஏம்மா, பதினெட்டு வாங்கினவனை மறுபடி எழுதச் சொல்றியா?"

"ஆமா சார். நல்லா படிச்ச பிள்ளைக்கு ரீடெஸ்ட்னா பயம் இருக்காதே."

 "சரி, வரேன்" என்றார். இதைச் சொல்லியாக வேண்டும். அவர் வராமல் இருந்திருக்கலாம். லெட்டரைப் போட்டிருக்கலாம். வந்தார்.

என் பேரை அவள் போனில் எடுக்கவே இல்லை. வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "அளக்காதது நான். அத நான் சொன்னேன். ஏத்துனது நீங்க. அது நீங்க சொல்ல வேண்டியது" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே மீட்டர் பிடித்தாள். ரெண்டும் ஒரே நம்பர் காட்டும்வரைக்கும் என்னைக் குமிழைத் தொட விடவில்லை. சமமானதும் குமிழ் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். ஸ்விட்சில் இன்னொரு பட்டன் வைத்துக் கேட்டிருந்தாள், எதற்கு என்று சொல்லவில்லை. வைத்துக் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கு சார் தயங்கினார். தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டு, "இது கொஞ்சம் திறந்திருக்கு. ஏ" என்றும், "தம்புரா பின்னால போயிடுத்து. பி" என்றும் சொன்னார். இருபத்தாறு தடவை ஓடியது. நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவருக்கும் பிடிவாதம் குறைவில்லை.

முடிந்ததும் தபஸ்ஸும் படுதாவை விலக்கிக்கொண்டு வந்து சார் முன்னால் நின்றாள். "இருபதுல பதினொண்ணு சார்."

"ஆறு எங்கேம்மா?"

"அது சும்மா சார். அந்த ஆறு தடவையும் ஏ, பி, மூணாவது மூணுமே ஒரே பெட்டி. அண்ணன் பெட்டி. புது பட்டன் அதுக்குத்தான்."

மிருதுளா தன் தாளைப் பார்த்தார். அந்த ஆறில் அஞ்சு தடவை சார் வித்தியாசம் சொல்லியிருந்தார். அதில் ஒன்றில் 'பி ரொம்ப மேல்' என்று இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்திருக்கலாம். பத்து வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் போன வாரம் குமிழ் திருகிய கை என்னுடையது.

"இருபதுல பதினொண்ணுன்னா காசு சுண்டிப் போட்டாலும் வரும் இல்லையா" என்று சார் கேட்டார்.

"வரும் சார்."

"அப்போ இத்தனை வருஷமா நான் கேட்டது?"

"கேட்டீங்க சார். பெட்டிலேர்ந்து வரல, அவ்ளோதான். கிளினிக்ல டெய்லி பாக்கறேன். அண்ணனையும் உக்கார வச்சிருக்கேன், மூணு சும்மாவுக்கு அமுக்கினாரு."

"இவனா?" என்று சார் என்னைப் பார்த்தார். "உனக்கும் காது இல்லையாப்பா?"

"எனக்கு இல்லேன்னு நீங்கதான் அப்பவே சொல்லிட்டீங்களே சார்" என்றேன். அவருக்கு ஞாபகம் இல்லை. எப்போது என்று கேட்டார். காப்பியோடு சேர்த்துச் சொன்னேன். "அப்படியா சொன்னேன்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தபஸ்ஸும் அதோடு விடவில்லை. ஜிட்டர் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்றாள். அவள் கேட்டுக்கொண்டபடி மிருதுளா லேப்டாப்பில் அதே பதிவை வேண்டுமென்றே கெடுத்துக் கொண்டுவந்திருந்தார். புள்ளிகளை நன்றாக முன்னே பின்னே தள்ளி. அதைப் போட்டதும் எல்லாருக்கும் தெரிந்தது. தம்புராவின் மேல் மணல் தூவினாற்போல் ஒரு கரகரப்பு. சாருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது, காப்பி கொண்டுவந்த மண்டபத்து ஆளுக்குக்கூடத் தெரிந்தது. அப்புறம் தன் கிளினிக் வேலையை ஆரம்பித்தாள். கெடுதலைக் குறைத்துக்கொண்டே போவது, கேட்கவில்லை என்றால் கொஞ்சம் ஏற்றுவது, மறுபடி குறைப்பது. நடு நடுவே சும்மா. எல்லாரையும் உட்காரவைத்தாள். ஒரு இடத்துக்குக் கீழே போனதும் ஒருத்தருக்கும் தெரியவில்லை, எல்லாருடைய தாளும் காசு சுண்டின மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில் இருந்த ஜிட்டர் எவ்வளவு என்று மிருதுளா பார்த்துச் சொன்னார். என் பெட்டியில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கு மேல்.

"இது இங்க இருந்த ஒம்போது பேருக்கு, இந்த ஹெட்போனுக்கு, இந்தப் பாட்டுக்கு" என்று தாளில் தபஸ்ஸும் எழுதினாள். "வேற யாருக்காவது கேக்கும்னா வரட்டும், எடுக்கறேன்" என்றும் எழுதினாள். இந்த முறை கையெழுத்துப் போட்டாள். கமிட்டி என் பெட்டியையே வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ணியது. முன்மொழிந்தது அனந்தகிருஷ்ணன் சார். முந்தின வருஷத் தம்புரா மங்கலாக இருந்ததற்கு நான் மைக்கைத் தள்ளி வைத்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தேன். அதைச் சரி பண்ணினேன்.

விழா முடிந்து ரெண்டு மாசத்தில் தபஸ்ஸும் கிளினிக்கை விட்டுவிட்டாள். ஒரகடம் பக்கத்து ஃபேக்டரிகளில் ஒவ்வொன்றாகப் போய், மெஷின் பக்கத்தில் நிற்கிற ஆட்களுக்குக் காது டெஸ்ட் எடுக்கிற வேலை. டாக்டர் இருக்கச் சொல்லிக் கேட்டாராம். "அங்க ஒரு ஷிப்டுக்கு நாநூறு பேர் அண்ணா. அவங்க கிளினிக்குக்கு வர்றப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும். எங்க அத்தா அப்படித்தான் வந்தாரு. நான் முன்னாடியே போயிடறேன்" என்றாள். வீட்டையும் படப்பைக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஷிப்டுக்கு அஞ்சரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறாள் என்று முதாசிர் சொன்னார்.

வீடு மாற்றுகிற அன்றைக்கு, சாமான் வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு அவள் மட்டும் என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தாள். ரெண்டு தாளும் உள்ளே இருந்தன. பதினெட்டு வந்த தாள், பதினொன்று வந்த தாள்.

"சபா ஃபைல்ல வைக்கணும்ணா."

"ரெண்டாவது சரி. மொத தாளு எதுக்குமா? அது கெட்டுப்போனதுதானே, கிழிச்சுப் போட்டுடலாம்."

"கெட்டுப்போனதும் நடந்ததுதானே. பின்னாடி பாருங்க."

திருப்பினேன். பின்பக்கம் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'சத்தம் சமமா என்று அளக்காமல் ஆரம்பித்தது என் தவறு. தபஸ்ஸும்.' அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து நாலு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தாள்.

"இது யாருக்கு?"

அவள் நகர்ந்து என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அந்த அரை டெசிபெல் எப்படி வந்துச்சுன்னு அதுல எழுதி, சார் கையில குடுங்க அண்ணா. வாயால சொல்லாதீங்க, எழுதுங்க."